போட்டியும் பகுத்தறிவும்: அறிவொளிக் கால மெய்யியலைக் குழுப்போட்டி வழியாகக் கற்பித்தல் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் கால மெய்யியலை வகுப்பறைக் குழுப்போட்டி வழியாகக் கற்பிக்கும் முறை பள்ளி, கல்லூரி வகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. இம்முறையின் இரண்டு வடிவங்களை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது. ஒன்று, குழுவிற்கு ஒரு மெய்யியலாளரை ஒதுக்கி 'சிறந்தவர் யார்' என வாக்கெடுக்கும் வடிவம். மற்றொன்று, அமெரிக்காவின் பார்னார்டு கல்லூரியில் உருவான, வரலாற்றுப் பாத்திரம் ஏற்று வாதிடும் வடிவம். அறிவொளி இயக்கமே கல்விக்கழகங்களின் பரிசுப் போட்டிகளில் வளர்ந்தது என்னும் வரலாற்றுச் செய்தி அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. போட்டி ஒரு வினாவைச் சுற்றி அமைந்து, போட்டி முடிந்தபின் மாணவர் தம் பெயரில் பேச இடம் தரும்போதுதான் அறிவொளி மெய்யியலுக்கு உரிய கற்பித்தல் முறையாகின்றது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அறிவொளி இயக்கம், காண்ட், ரூசோ, பரிசுப் போட்டி, குழுக்கற்றல், பாத்திரமேற்றல்.

முன்னுரை

பிறருடைய வழிகாட்டுதலை எதிர்பாராமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிதல் என்று அறிவொளிக்கு 1784இல் இம்மானுவேல் காண்ட் விளக்கம் தந்தார். இவ்விளக்கத்தைக் கற்பிக்க முற்படும் ஆசிரியருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தானே சிந்திக்க வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்ல, மாணவர் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் எழுதினால், காண்டின் கருத்து மாணவருக்குத் தெரிந்துவிடுகின்றது. அவர் கோரிய செயல் மட்டும் நிகழாமல் போகின்றது. விரிவுரையால் இவ்விடைவெளியைக் கடக்க இயலாது என்று கருதிய ஆசிரியர்கள் விவாதம், நாடகம், குழுப்போட்டி ஆகியவற்றை நாடினர்.

குழுப்போட்டி வகுப்பிற்கு உயிரூட்டுகின்றது என்பதில் ஐயமில்லை. வாய்திறவாத மாணவரும் தம் குழுவிற்காகப் பேசுகின்றனர். படிக்காமல் வருபவரும் தோல்விக்கு அஞ்சிப் படிக்கின்றனர். ஆயினும் ஊக்கம் வேறு, கற்றல் வேறு. வெல்வதற்காகத் திரட்டிய வாதமும் உண்மையை அறிவதற்காகத் திரட்டிய வாதமும் மேலோட்டமாகப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அறிவொளி மெய்யியலைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. அம்மெய்யியலின் உள்ளடக்கமே அதுதான். இவ்வகையில் குழுப்போட்டி முறை எங்கு துணை செய்கின்றது, எங்கு ஊறு செய்கின்றது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. போட்டியில் வளர்ந்த மெய்யியல்

போட்டி என்பது அறிவொளிச் சிந்தனைக்குப் புறத்தே இருந்து இன்றைய கல்வியியலார் கொண்டுவந்து சேர்த்த ஒன்றன்று. ஏசுசபையினரின் கல்வித் திட்டம் 1599இல் இறுதி வடிவம் பெற்றபோதே மாணவரிடையே போட்டியைக் கற்பித்தல் கருவியாக ஏற்றிருந்தது. அவர்தம் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எதிராளி உண்டு; வகுப்பு உரோமாபுரி என்றும் கார்த்தேசு என்றும் இரு பாசறைகளாகப் பிரிந்து மோதுவதும் உண்டு. பாரிசிலிருந்த அவர்களுடைய லூயி-லெ-கிராண்டு கல்லூரியில் பயின்றவர் வால்டேர். திதரோவும் ஏசுசபையினரிடமே தொடக்கக் கல்வி பெற்றவர்.

பள்ளிக்கு வெளியே இப்போட்டி மேலும் பெரிய வடிவம் எடுத்தது. கல்விக்கழகங்கள் ஒரு வினாவை அறிவித்து, வரும் கட்டுரைகளுள் சிறந்ததற்குப் பரிசு வழங்கின. கட்டுரையில் ஆசிரியர் பெயர் இராது. ஒரு முகப்பு வாசகம் மட்டும் இருக்கும். பெயர் தனியே முத்திரையிட்ட உறையில் அடங்கியிருக்கும். அறிவியலும் கலைகளும் மீண்டும் தழைத்தமை ஒழுக்கத்தைத் தூய்மைப்படுத்த உதவியதா என்று திஜோன் கழகம் 1749இல் வினவியது. உதவவில்லை என்று வாதிட்ட ரூசோ 1750இல் பரிசு பெற்றார். அறிவை வளர்ப்பதற்கென நிறுவப்பட்ட ஒரு கழகம், தன் இருப்பிற்கான அடிப்படையையே மறுத்த விடைக்குப் பரிசளித்தது இங்கு உற்றுநோக்கத்தக்கது. வினா திறந்ததாக இருந்தமையால்தான் அத்தகைய விடைக்கு இடம் இருந்தது.

அதே கழகம் 1753இல் மனிதரிடையே ஏற்றத்தாழ்வு தோன்றிய காரணத்தை வினாவாக அறிவித்தபோதும் ரூசோ எழுதினார். இம்முறை பரிசு தல்பேர் என்னும் குருவானவருக்குச் சென்றது. 1755இல் நூலாக வெளிவந்த ரூசோவின் கட்டுரை அரசியல் மெய்யியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக நிலைத்தது. வென்ற கட்டுரையை இன்று வரலாற்றாய்வாளர் மட்டுமே அறிவர். நடுவர் தீர்ப்பிற்கும் சிந்தனையின் மதிப்பிற்கும் உள்ள இடைவெளிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெர்லின் கழகத்தின் வரலாறும் இவ்வகையில் பயன்தருவது. மெய்ப்பொருளியல் உண்மைகள் கணித உண்மைகளைப் போன்ற உறுதியுடையவையா என்னும் வினாவிற்கு 1763இல் முதற்பரிசு பெற்றவர் மோசஸ் மெண்டல்சோன்; அடுத்த இடம் காண்டிற்கு. இரண்டு கட்டுரைகளும் 1764இல் ஒருசேர அச்சாயின. 1780ஆம் ஆண்டுப் போட்டிக்கு அக்கழகம் அறிவித்த வினா இன்னும் கூர்மையானது: மக்களை ஏமாற்றுவது அவர்களுக்குப் பயன்தருமா? கழகம் பரிசை இரண்டாகப் பிரித்து, ஆம் என்ற கட்டுரைக்கு ஒரு பாதியும் இல்லை என்ற கட்டுரைக்கு மறுபாதியும் வழங்கியது. அரசரின் விருப்பத்தில் எழுந்த வினாவிற்கு இத்தகைய தீர்ப்பு வழங்கியதில் அச்சமும் கலந்திருக்கலாம். எனினும், வாதத்தின் திறமும் முடிவின் சரிதவறும் தனித்தனியே மதிப்பிடத்தக்கவை என்னும் கொள்கை அதில் வெளிப்படுகின்றது.

பெயர் மறைப்பின் பயனை எமிலி து சாட்லேயின் நிகழ்வு விளக்கும். நெருப்பின் இயல்பும் பரவலும் பற்றிப் பாரிசு அறிவியற்கழகம் 1738ஆம் ஆண்டுப் பரிசிற்கு வினா அறிவித்தபோது, வால்டேர் தம் இல்லத்திலேயே சோதனைகள் நடத்திக் கட்டுரை எழுதினார். அச்சோதனைகளில் உடனிருந்த எமிலி, அவருடைய முடிவுகளோடு உடன்படாமல், அவருக்குத் தெரியாமல் இரவுகளில் தம் கட்டுரையை எழுதி அனுப்பினார். பரிசு இருவருக்கும் கிட்டவில்லை. அது ஆய்லர் உள்ளிட்ட மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் இருவர் கட்டுரைகளையும் கழகம் பின்னர் அச்சிட்டது. ஒரே வீட்டில், ஒரே சோதனைகளைக் கண்ட ஒருவர், தம்மினும் புகழ்பெற்றவரோடு மாறுபடுவதற்கு அந்த முத்திரையிட்ட உறை இடம் தந்தது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். போட்டி ஆளைச் சுற்றி அமையாமல் வினாவைச் சுற்றி அமைதல் வேண்டும். மதிப்பீடு வாதிப்பவரின் பெயருக்கும் செல்வாக்கிற்கும் அப்பாற்பட்டிருத்தல் வேண்டும். வெற்றி என்பது உண்மையின் சான்றாகக் கொள்ளப்படாதிருத்தல் வேண்டும். இக்கழகங்களின் அவையில் பெண்களுக்கும் எளியோர்க்கும் இடமில்லை என்பதை மறத்தலாகாது. ஆகவே இவ்வளவுகோல்களை முழுமையான முன்மாதிரியாகக் கொள்ளாமல் ஒப்பீட்டுக் கருவியாகவே இக்கட்டுரை கொள்கின்றது.

2. மெய்யியலாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு

வகுப்பு ஐந்தாறு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஹாப்ஸ், லாக், மொந்தெஸ்கியு, வால்டேர், ரூசோ, மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் என ஒவ்வொரு குழுவிற்கும் ஒருவர் ஒதுக்கப்படுகின்றார். குழுவினர் சுவரொட்டி வரைந்து, உரையாற்றி, தம்மவரே சிறந்தவர் என நிறுவ முயல்கின்றனர். இறுதியில் வகுப்பு வாக்களிக்கின்றது. எளிதில் நடத்தத்தக்கது என்பதால் ஆசிரியர்கள் விரும்பும் வடிவம் இது. மேற்கூறிய அளவுகோல்கள் மூன்றிலும் இது தவறுகின்றது.

முதலாவதாக, சிந்தனையாளர்களிடையே உள்ள உறவு மறைகின்றது. 1651இல் லெவியத்தானை எழுதிய ஹாப்சும் 1689இல் அரசு பற்றிய இரண்டு ஆய்வுரைகளை வெளியிட்ட லாக்கும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றனர். அரசு தோன்றுவதற்கு முற்பட்ட இயற்கை நிலை, மனிதரின் இசைவால் அரசு உருவாதல் ஆகிய இரண்டும் இருவருக்கும் பொதுவானவை. பொது அடித்தளத்திலிருந்து இருவேறு முடிவுகள் எவ்வாறு எழுந்தன என்பதே கற்கவேண்டிய செய்தி. இருவரும் எதிரணிகளாக நிறுத்தப்படும்போது முடிவுகள் மட்டுமே எஞ்சுகின்றன.

உல்ஸ்டன்கிராஃப்டின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1792இல் வெளிவந்த பெண்ணுரிமை பற்றிய அவர்தம் நூல் பெருமளவு ரூசோவோடு நடத்தும் வழக்காகும். எமிலுக்குப் பகுத்தறிவையும் சோஃபிக்கு ஆணை மகிழ்விக்கும் கலையையும் ரூசோ 1762இல் வகுத்தார். அறிவின் பயிற்சியிலிருந்தே ஒழுக்கம் பிறக்கும் என்றால் அக்கொள்கை பெண்ணுக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்று உல்ஸ்டன்கிராஃப்ட் வினவுகின்றார். ரூசோவை அறியாதவர் அவ்வினாவின் வலிமையை உணர இயலாது. வாக்கெடுப்பு வடிவமோ அவரை ரூசோவிற்கு அருகில் நிற்கும் மற்றுமொரு வேட்பாளராக்கிவிடுகின்றது.

இரண்டாவதாக, குழு தன் மெய்யியலாளரின் குறைகளை மறைக்கப் பழகுகின்றது. மனித உரிமையின் முன்னோடி எனப் போற்றப்படும் லாக், அடிமை வணிகத்தில் ஈடுபட்ட அரச ஆப்பிரிக்கக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். அவருடைய உரிமைக் கோட்பாட்டையும் இச்செய்தியையும் ஒருங்கே வைத்து எண்ணும் மாணவரே மெய்யியலைக் கற்கின்றார். போட்டியில் நிற்கும் குழு இச்செய்தியைக் கண்டால் ஒளிக்கும். எதிரணி கண்டால் இகழ்வதற்குப் பயன்படுத்தும். இரண்டிலும் சிந்தனை நிகழ்வதில்லை.

மூன்றாவதாக, வாசிப்பு சிதைகின்றது. மொந்தெஸ்கியு 1748இல் வெளியிட்ட சட்டங்களின் உட்பொருள் பற்றிய நூலின் 15ஆம் பகுதியில், கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பதற்கு ஆதரவான வாதங்களை ஒரு சிறு இயலில் அடுக்குகின்றார். அது வஞ்சப் புகழ்ச்சி. வாதங்களை அவற்றை நம்புவோரின் குரலிலேயே சொல்லி, அவற்றின் இழிவு தானே வெளிப்படுமாறு செய்துள்ளார். எதிரணியைத் தாக்கச் சான்று தேடும் கண்ணிற்கு இவ்வியலின் எந்த வரியும் மொந்தெஸ்கியுவிற்கு எதிரான வாக்குமூலமாகத் தோன்றும். முன்பின் தொடர்பறுத்து வரியைப் பிடுங்கும் பழக்கத்தை விரைவுப் போட்டி வளர்க்கின்றது. தொனியை உணரும் பொறுமையை அது தேய்க்கின்றது.

3. பாத்திரமேற்கும் வடிவம்: 1791

1990களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ் உருவாக்கிய 'ரியாக்டிங் டு தி பாஸ்ட்' என்னும் கற்பித்தல் முறை வேறுவகையானது. இதன் அடிப்படையை அவர் 2014இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ் ஆன் ஃபயர்' நூலில் விளக்கியுள்ளார். இம்முறையில் அமைந்த ஆட்டங்களுள் ஒன்று 1791ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சியைக் களமாகக் கொண்டது. ரூசோவின் சமுதாய ஒப்பந்தமும் எட்மண்ட் பர்க் புரட்சியைக் கண்டித்து 1790இல் எழுதிய நூலும் அதன் மூலபாடங்கள்.

அரசர் தப்பியோட முயன்று வாரேனில் பிடிபட்டது 1791 ஜூன் மாதம். அதன்பின் கூடிய தேசிய மன்றத்தின் உறுப்பினராக மாணவர் இருக்கின்றனர். ஜாக்கோபின்கள், ஃபெயான்கள், அரசரையும் திருச்சபையையும் காக்க விழைவோர் எனக் கட்சிகள் உண்டு. கட்சிகள் செய்தித்தாள் வெளியிடுகின்றன, உறுப்பினர் உரையாற்றுகின்றனர், தீர்மானங்கள் வாக்கிற்கு வருகின்றன. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் வெற்றிக்கான இலக்கு வகுக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் வகுப்பின் முன்னிருந்து விலகி ஆட்டத்தை நெறிப்படுத்துபவராக அமர்கின்றார்.

வாக்கெடுப்பு வடிவத்திற்கு இல்லாத இரண்டு சிறப்புகள் இதற்கு உண்டு. இங்கு 'ரூசோ சிறந்தவரா' என்று எவரும் கேட்பதில்லை. அரசருக்குத் தீர்மானங்களைத் தடுக்கும் அதிகாரம் வேண்டுமா, திருச்சபை அரசிற்குக் கட்டுப்பட்டதா என்பன போன்ற வினாக்களே எழுகின்றன. பொதுவிருப்பம் என்னும் ரூசோவின் கருத்து அவ்வினாக்களுக்கு விடைகாணும் கருவியாகின்றது. மேலும், எக்கட்சியையும் சாராத உறுப்பினர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள். அவர்களை இணங்கச் செய்யாமல் எக்கட்சியும் வெல்ல இயலாது என்பதால், எதிர்வாதத்தை அறிந்து அதற்கு விடைதருவது இன்றியமையாததாகின்றது. போட்டியின் விதியே வாசிப்பைக் கோருகின்றது.

இவ்விடத்தில் எமில் நூலின் இரண்டாம் பகுதியில் ரூசோ கூறும் ஒரு நிகழ்ச்சி ஒப்பிடத்தக்கது. குழந்தைகளை வளர்ப்பதற்குப் பொறாமையையும் தற்பெருமையையும் கருவியாக்குவதை அந்நூல் கடுமையாகக் கண்டிக்கின்றது. அவரே, ஓடுவதில் விருப்பமற்ற ஒரு சிறுவனைப் பலகாரத்தைப் பரிசாக வைத்து ஓட்டப்பந்தயத்தில் ஈடுபடுத்துகின்றார். பாதைகளின் தொலைவைச் சமமின்றி அமைத்து, எப்பாதை குறுகியது எனச் சிறுவன் தானே தேர்ந்துகொள்ளுமாறு விடுகின்றார். வெல்ல வேண்டுமானால் தொலைவைக் கண்ணால் அளக்கக் கற்கவேண்டும். பரிசு பலகாரம், பாடம் அளவையறிவு. பாடத்தைக் கற்காமல் பரிசை அடைய வழியில்லாதவாறு பந்தயம் அமைந்தது. வெல்லப் பழகிய சிறுவன் பின்னர்த் தோற்றவர்களோடு பலகாரத்தைப் பகிர்ந்துகொண்டான் என்றும் ரூசோ கூறுகின்றார். போட்டியின் குறையையும் பயனையும் ஒருசேர அறிந்த ஆசிரியரின் அமைப்பு இது.

பாத்திரமேற்கும் வடிவத்திற்கும் இடர்கள் உண்டு. ஆட்டம் தரும் களிப்பில் மூலநூல் மேற்கோள்களின் கிடங்காகச் சுருங்கக்கூடும். இரகசிய உடன்பாடுகளால் வாக்குகள் சேர்க்கப்படும்போது சூழ்ச்சி வாதத்தை வென்றுவிடக்கூடும். புரட்சிக்கால அரசியலில் சூழ்ச்சிக்கு இடமிருந்தது என்பதால் வரலாற்றுக் கல்வியாக இதனை ஏற்கலாம். மெய்யியற் கல்வியாக ஏற்பது கடினம். தேசிய மன்றத்தின் எல்லைக்குள்ளேயே வகுப்பு நின்றுவிடும் இடரும் உண்டு. 1791இல் ஒலம்ப் து கூஜ் பெண்ணின் உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் குடியேற்றமான சான்-டொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அறிவொளியின் கொள்கைகள் யாருக்குரியவை என்னும் வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியவர்கள் மன்றத்தில் இருக்கை பெறாதவர்களே.

4. பாத்திரமும் தன்குரலும்

இவ்வடிவத்தின் மீது எழும் அடிப்படையான தடை வேறு. தானே சிந்தித்தலை வலியுறுத்தும் மெய்யியலைக் கற்பிக்க, மாணவருக்குப் பிறர் வகுத்த நிலைப்பாட்டை ஒதுக்குவது பொருந்துமா? நம்பாத ஒன்றிற்காக வாதிடப் பழகுவது காண்ட் குறித்த பிறர்சார்பு நிலையின் மற்றொரு வடிவம் ஆகாதா?

இத்தடைக்கு விடை காண்டின் கட்டுரையிலேயே உள்ளது. அறிவின் பயன்பாட்டை அவர் இரண்டாகப் பகுக்கின்றார். ஒருவர் தாம் ஏற்றுள்ள பணிப்பொறுப்பின் எல்லைக்குள் அறிவைப் பயன்படுத்துவது ஒன்று. இது கட்டுப்பாட்டிற்கு உட்படலாம். படைத்தலைவர் ஆணைக்கு இணங்குவதும், குருவானவர் தம் சபையின் கோட்பாட்டைப் போதிப்பதும், குடிமக்கள் வரி செலுத்துவதும் இவ்வகை. அதே மனிதர் அறிஞராக, வாசிக்கும் உலகின் முன் எழுதும்போது அறிவைப் பயன்படுத்துவது மற்றொன்று. இது எக்காலத்தும் கட்டற்றதாக இருக்கவேண்டும். முதலாவது 'தனிப் பயன்பாடு', இரண்டாவது 'பொதுப் பயன்பாடு' என்பது அவர் தரும் பெயர்.

வகுப்பறையில் ஏற்கும் பாத்திரம் காண்ட் கூறும் பணிப்பொறுப்பைப் போன்றது. ஜாக்கோபினாக அமர்ந்த மாணவர் அக்கட்சியின் இலக்கிற்குக் கட்டுப்பட்டவர். அக்கட்டுப்பாடு அவர் அறிவை அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் பாத்திரத்தைக் களைந்து, தம் பெயரில், முழு வகுப்பின் முன்னிலையில் பேசும் வாய்ப்பு அவருக்கு இருத்தல் வேண்டும். அவ்வாய்ப்பு இல்லையெனில் பணி மட்டுமே உண்டு, அறிவொளி இல்லை. ஆட்டம் முடிந்தபின் பாத்திரங்களிலிருந்து விடுபட்டு நடந்ததை ஆராயும் அமர்வு கார்ன்ஸ் வகுத்த முறையில் உண்டு. நேரமின்மை நேரும்போது முதலில் கைவிடப்படக்கூடியதும் அவ்வமர்வே. காண்டின் பகுப்பு வழி நோக்கினால் அது பின்னிணைப்பன்று. முன்னர் நடந்த அனைத்தும் அதற்கான ஆயத்தமே.

5. மதிப்பெண், குழு, மாறுபட்ட கருத்து

மேற்கண்ட மதிப்பீட்டிலிருந்து நடைமுறைக்கு உரிய சில கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலில், வெற்றிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்த வேண்டும். தல்பேர் வென்று ரூசோ தோற்றது போன்ற முடிவு எந்த வகுப்பிலும் நேரலாம். குழுவின் வெற்றிக்குச் சிறு பாராட்டு போதும். மதிப்பெண்ணின் பெரும்பங்கு, போட்டிக்குப் பின் ஒவ்வொருவரும் தம் பெயரில் எழுதும் கட்டுரைக்கு உரியதாதல் தகும். குழுவில் சிலர் உழைக்க மற்றவர் பயன்பெறும் பழைய குறைக்கும் இது ஓரளவு மருந்தாகும்.

அடுத்து, குழுவிற்குள் மாறுபடும் குரலுக்குப் புகலிடம் தேவை. குழுப்போட்டியின் பெருங்குறை எதிரணியோடு மோதுவதிலன்று, தன் அணிக்குள் ஒருமித்த கருத்தைக் கட்டாயமாக்குவதில் உள்ளது. தன் குழுவின் வாதம் தவறெனக் காணும் மாணவர் வெற்றியைக் கெடுத்தவர் என்னும் பழிக்கு அஞ்சி வாய்மூடுகின்றார். எமிலிக்கு வாய்த்த முத்திரையிட்ட உறை அவருக்கு வாய்ப்பதில்லை. பெயரிடாத மாறுபாட்டுக் குறிப்பு ஒன்றை ஒவ்வொருவரும் எழுதித் தர வாய்ப்பளித்து, அக்குறிப்புகளை இறுதி அமர்வில் வாசிப்பது இதற்கு எளிய தீர்வு. எழுத்துவழி வாதங்களையும் பெயர் மறைத்தே மதிப்பிடலாம்.

மூன்றாவதாக, எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும் என்பதைப் போட்டியின் விதியாக்கலாம். தமிழ்த் தருக்க மரபு அறிந்தோர்க்கு இது புதிதன்று. பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்த சிவஞான சித்தியாரின் அமைப்பை இங்கு எண்ணிப் பார்க்கலாம். எடுத்துரைப்பு நேர்மையானதா என்பதை எதிரணியே உறுதிசெய்த பின்னர் மறுப்பிற்கு இடமளித்தால், மொந்தெஸ்கியுவின் வஞ்சப் புகழ்ச்சியை வாக்குமூலமாகத் திரிக்கும் வாசிப்பு நிலைக்காது.

நான்காவதாக, பரிசைப் பிரிக்கவும் வழங்காதிருக்கவும் நடுவருக்கு உரிமை வேண்டும். பெர்லின் கழகம் பிரித்து வழங்கியது. தகுதியான கட்டுரை வராதபோது கழகங்கள் பரிசை நிறுத்திவைத்ததும் உண்டு. எப்போதும் ஒருவர் வென்றாக வேண்டும் என்னும் விதி விளையாட்டுக்கு உரியது. சில வினாக்கள் முடிவுறாமல் நிற்கும் என்பதை மாணவர் உணர்வதும் மெய்யியற் கல்வியின் ஒரு பகுதியே.

முடிவுரை

போட்டி அறிவொளி மெய்யியலுக்குப் பகையன்று. அம்மெய்யியலின் நூல்கள் பலவும் போட்டிக்கென எழுதப்பட்டவை. மெய்யியலாளரை வேட்பாளராக்கும் வாக்கெடுப்பு வடிவம் சிந்தனையை விளம்பரமாக்குவதால் கைவிடத்தக்கது. பாத்திரமேற்கும் வடிவம், பாத்திரத்திற்குப் பின் தன்குரலுக்கு இடம் தருமாயின், காண்டின் பகுப்போடு இயைந்து நிற்கும்.

அறிவொளி என்றால் என்ன என்னும் வினாவிற்குக் காண்டின் விடை 1784 டிசம்பரில் பெர்லின் மாத இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதே இதழில் அதே வினாவிற்கு மெண்டல்சோனின் விடை செப்டம்பரிலேயே வெளிவந்திருந்தது. அதனைத் தாம் இன்னும் படிக்கவில்லை என்றும், இருவர் சிந்தனையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அறியத் தம் கட்டுரை பயன்படும் என்றும் காண்ட் இறுதியில் அடிக்குறிப்பு எழுதினார். இருபதாண்டுகளுக்கு முன் ஒரே பரிசிற்குப் போட்டியிட்ட இருவர், பரிசும் நடுவரும் இல்லாத களத்தில் ஒரே வினாவின் முன் மீண்டும் நின்றனர். வகுப்பறைப் போட்டி முடிந்த பின்னரும் மாணவர் அவ்வினாவோடு நிற்பாராயின், அப்போட்டி தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.